அக்ராவில் சலூன் பெஞ்சில் உட்காருவது எப்படி

கானாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் போன் செய்தால் மலேரியாவைப் பற்றிக் கேட்பார்கள், வீட்டு வாடகையைப் பற்றிக் கேட்பார்கள். முடி எங்கே வெட்டிக்கொள்வது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நான் அக்ராவில், கனேஷி பக்கம், 2015 முதல் 2023 வரை இருந்தேன். வண்டி உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் சரக்குக் கணக்கு பார்க்கும் வேலை. அந்த எட்டு வருஷத்தில் எனக்குப் பழக்கமான மனிதர்களில் பாதிப் பேர் ஒரே ஒரு சலூனில் கிடைத்தவர்கள். அதனால் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

அங்கே ஏ.சி. போட்ட பெரிய சலூன்களும் உண்டு. முடியை மட்டும் குறைக்க வேண்டுமென்றால் அங்கே போங்கள், அரை மணியில் வெளியே வந்துவிடலாம். நான் சொல்வது தெருவோரக் கடை. பலகையால் அடித்த பெட்டிக்கடையாக இருக்கும். இல்லாவிட்டால் கப்பலில் வந்த கன்டெய்னரை அறுத்துக் கதவும் ஜன்னலும் வைத்து, நீலமோ பச்சையோ அடித்திருப்பார்கள். பெயர்ப் பலகை பெரும்பாலும் கடவுளுக்கு நன்றி சொல்லும். உள்ளே ஒன்றிரண்டு நாற்காலி, எதிரே நீளக் கண்ணாடி, மூலையில் ஒரு சின்ன டிவி. இதெல்லாம் எல்லாக் கடையிலும் ஒன்றுதான். பார்க்க வேண்டியது பெஞ்சை. அதில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு வெட்டுவதற்குத் தலையில் முடியே இல்லையென்றால், அதுதான் நல்ல கடை.

சலூனில் ஏன் இவ்வளவு கூட்டம் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது. அங்கே பீர் குடிக்கிற இடத்துக்கு 'ஸ்பாட்' என்று பெயர். ஸ்பாட்டில் உட்கார்ந்தால் ஏதாவது வாங்கியாக வேண்டும். ஸோங்கோ என்கிற முஸ்லிம் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். பெந்தெகொஸ்தே சபைக்காரர்களும் வரமாட்டார்கள், வந்தாலும் தெரியும்படி வரமாட்டார்கள். சர்ச் என்றால் அந்தந்தச் சபையின் ஆட்கள் மட்டும். வீட்டிலோ தகரக் கூரை மத்தியானம் கொதிக்கும். சலூனில் நிழல் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, போனுக்கு சார்ஜ் போட ஒரு பிளக் இருக்கிறது. காசு செலவழிக்காமல் நாள் முழுக்க இருக்கலாம், யாரும் 'உனக்கு என்ன வேண்டும்' என்று கேட்பதில்லை. எங்கள் பெஞ்சில் ஒரு ட்ரோட்ரோ டிரைவர் (ட்ரோட்ரோ என்பது அங்கே ஓடும் ஷேர் வேன்), ஒரு தையற்காரர், வேலை போன ஒரு வெல்டர், ரிட்டயரான பள்ளி வாத்தியார் ஒருவர். வாத்தியாரை எல்லோரும் 'வோஃபா' என்பார்கள். வோஃபா என்றால் தாய்மாமன். கானாவின் பெரிய இனமான அக்கான் மக்களிடம் வழக்கப்படி சொத்து அப்பாவிடமிருந்து வராது, தாய்மாமனிடமிருந்து வரும். அதனால் அந்தச் சொல்லுக்குத் தனி மரியாதை. எனக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, கடைக்குள் நுழைவது. நேராக நாற்காலியைப் பார்த்துப் போகாதீர்கள். முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், ஒட்டுமொத்தமாக அல்ல, ஒவ்வொருவருக்கும். உங்கள் வலக்கைப் பக்கம் இருப்பவரிடம் தொடங்கி இடப்பக்கம் வரை கைகொடுத்துக்கொண்டே போங்கள். காலையில் 'மாச்சே', மத்தியானம் 'மாஹா', சாயங்காலம் 'மாஜோ'. வலது கை மட்டும். இடது கையில் போன் இருந்தாலும் பை இருந்தாலும் அது அங்கேயே இருக்கட்டும். இடது கையை நீட்டுவதும், அதால் சுட்டிக்காட்டுவதும், காசு கொடுப்பதும் அவமரியாதை. இளைஞர்கள் கையை விடும்போது நடுவிரலோடு நடுவிரலைச் சொடுக்குவார்கள். அது வர எனக்கு ஒரு மாதம் பிடித்தது. வராவிட்டால் சிரிப்பார்கள், பரவாயில்லை. முதல் தடவை நான் யாருக்கும் வணக்கம் சொல்லாமல் மாஸ்டரிடம் "எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை, பெஞ்சைப் பார்த்து 'மாஹா' என்றார், என் சார்பில்.

யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் "யூ ஆர் இன்வைட்டட்" என்பார்கள். 'நன்றி' என்று சொல்லிவிட்டு நகருங்கள். நான் அதை நிஜ அழைப்பு என்று நினைத்துக் கை கழுவிக்கொண்டு டிரைவரின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மீனைக்கூட என் பக்கம் நகர்த்தி வைத்தார். ஆனால் அந்தத் தட்டில் இருந்தது ஒரே ஒரு கெங்கே உருண்டை. புளித்த சோளமாவில் அவித்தது, ஒரு ஆளின் மத்தியானச் சாப்பாடு.

உங்களை முதலில் 'ஓப்ரோனி' என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரனுக்கான சொல், நமக்கும் அதே. கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதிலேயே நின்றுவிடாமல் இருக்க ஒரு வழி உண்டு: நீங்கள் பிறந்த கிழமையைத் தெரிந்துகொண்டு போங்கள். அங்கே ஒவ்வொரு கிழமைக்கும் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு பெயர். திங்கள் கோஜோ, செவ்வாய் குவாபெனா, புதன் குவாக்கு, வியாழன் யாவ், வெள்ளி கோஃபி, சனி குவாமே, ஞாயிறு குவாசி. கானாவின் முதல் பிரதமர் குவாமே இங்க்ருமா பெயரிலேயே சனிக்கிழமை இருக்கிறது. நான் புதன். 'பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது' என்று நம் ஊரில் சொல்வார்களே என்று பெருமையாகச் சொன்னேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குவாக்கு என்றால் அவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது குவாக்கு அனான்சே, எல்லோரையும் ஏமாற்றும் கதைச் சிலந்தி. அன்று முதல் நான் குவாக்கு. சரக்கு எண்ணிக்கையில் எப்போதாவது கணக்கு இடித்தது என்று புலம்பினால், "சிலந்தியிடம் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தால்?" என்பார் வோஃபா.

இனி முடி. நம் முடி அவர்களுக்குப் புதிது. அங்கே வேலையெல்லாம் மெஷினில்தான். சுருண்ட முடியை மெஷினால் ஒரே அளவில் ஓட்டி, நெற்றி ஓரத்தையும் கிருதாவையும் கோடு போட்டதுபோல் எடுப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. நெற்றிக் கோட்டுக்கு மட்டும் பத்து நிமிஷம் செலவழிப்பார்கள். கத்தரியும் சீப்பும் வைத்து நேர்முடியைப் படிப்படியாகக் குறைப்பது வேறு வித்தை, பல கடைகளில் கத்தரியே இருக்காது. பழைய கடைகளில் கையால் வரைந்த பலகை இருக்கும். வரிசையாகத் தலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் அல்லது பெயர், விரலை வைத்துக் காட்டினால் போதும். இந்தப் பலகைகளை ஐரோப்பாவில் கலைப்பொருளாக வாங்கிச் சேர்க்கிறார்கள். இப்போது அந்த இடத்தில் அமெரிக்கப் பாடகர்களும் கால்பந்து வீரர்களும் இருக்கிற ஃபிளெக்ஸ். எதிலும் நம் தலை கிடையாது. 'டவுன் கட்' என்றால் ஒட்ட வெட்டு, நமக்கு ஓரளவு பொருந்தும். 'சகோரா' என்றால் மொட்டை. தெரியாமல் தலையாட்டிவிடாதீர்கள். நான் முதல் மாதம் வேறொரு கடையில் தலையாட்டினேன், மேற்கொண்டு விவரம் வேண்டாம். என் யோசனை: ஒரு கத்தரி வாங்கிக்கொண்டு போய் மாஸ்டரிடமே கொடுத்து வையுங்கள். மேலே கத்தரி, பக்கங்களில் மெஷின் என்று சொல்லுங்கள். மூன்றாவது தடவை சரியாக வந்துவிடும். ஐந்தாவது தடவை அவர் பழகும் பையன்களைக் கூப்பிட்டு உங்கள் தலையில் பாடம் நடத்துவார்.

சுத்தம் விஷயத்தில் வெட்கப்படாதீர்கள், அங்கே யாரும் வெட்கப்படுவதில்லை. பலர் சொந்த மெஷினைப் பையில் கொண்டுவருகிறார்கள். இல்லையென்றால் மெஷின் பல்லை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். பிளேடு என்றால் உறையைப் பிரிப்பது உங்கள் கண்முன் நடக்க வேண்டும். முடித்ததும் பிடரியில் ஸ்பிரிட் தடவுவார்கள், தீ மாதிரி எரியும், முகம் சுளித்தால் பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். அப்புறம் பவுடர். தாடியைப் பிளேடால் வழிக்க அங்கே பலருக்குப் பிடிக்காது. சுருள்முடியை அடியோடு வழித்தால், வளரும்போது நுனி வளைந்து தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு கொப்புளமாகிவிடும். பிடரியில் அது தடித்த தழும்பாகவே தங்கிவிடுவதும் உண்டு. அதனால் தாடிக்கும் மெஷின்தான்.

நான் பெஞ்சுக்காரனானது என்னால் அல்ல, மின்வாரியத்தால். 2015-ல் அங்கே 'டும்சோ' உச்சத்தில் இருந்தது. டும் என்றால் அணை, சோ என்றால் ஏற்று. கரண்ட் போய்ப் போய் வருவதற்கு அவர்கள் வைத்த பெயர். 12 மணி நேரம் இருக்கும், 24 மணி நேரம் இருக்காது என்று அட்டவணையே போட்டிருந்தார்கள், அட்டவணைப்படியும் நடக்கவில்லை. ஒரு சனிக்கிழமை என் தலையின் இடப்பக்கம் முடிந்து வலப்பக்கம் தொடங்கும்போது மெஷின் நின்றது. மாஸ்டர் மெஷினை வைத்துவிட்டு "ஐ ஆம் கமிங்" என்று சொல்லி வெளியே போனார். 'வருகிறேன்' என்கிறாரே, எங்கே போகிறார் என்று நான் விழித்தேன். பிறகு புரிந்தது. நாம் கிளம்பும்போது 'வர்றேன்' என்று சொல்வதில்லையா, அதேதான். போனவர் ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் தேடிப் போயிருந்தார். வர இரண்டரை மணி நேரம். பாதித் தலையோடு தெருவில் போக முடியாது. பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். வோஃபா, தான் சின்னப் பையனாக இருந்தபோது வன்ஸாம் வந்து மரத்தடியில் மொட்டையடித்ததைச் சொன்னார். வன்ஸாம் என்பவர் ஹவுசாக்காரர், கத்தியோடு தோல்பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்து வருவார், சுன்னத்தும் அவர்தான் செய்வார். "அவருக்குக் கரண்ட் வேண்டாம், நாங்கள் ஓடாமல் இருந்தால் போதும்" என்றார். யாரோ என் கையில் ஒரு தண்ணீர் பாக்கெட்டை வைத்தார்கள். அப்புறம் டாமி பலகை வந்தது.

டாமி தெரிந்தால் பேச்சு தெரியாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம். பத்துக்குப் பத்து கட்டம், ஆளுக்கு இருபது காய். குறுக்காக நகர்த்தி, எதிரியின் காயைத் தாண்டி வெட்ட வேண்டும். கடைசி வரிசையை அடைந்த காய் ராஜாவாகும், ராஜா குறுக்கே எவ்வளவு தூரமும் பாயும். கானாக்காரர்களின் தனி விதி ஒன்று: உங்களிடம் ஒரே ஒரு காய்தான் மிஞ்சியது என்றால் தோற்றவர் நீங்கள்தான். காயைப் பூனைபோல் நகர்த்தாதீர்கள், பலகை அதிரும்படி அறைந்து வையுங்கள். வாய் சும்மா இருக்கக்கூடாது. எதிராளியின் அறிவையும் பள்ளிக்கூடத்தையும் திட்டலாம், அம்மாவைத் தொடாதீர்கள். சுற்றி நிற்பவர்கள் யோசனை சொல்லிக்கொண்டே இருப்பார்கள், கேட்காதீர்கள். நான் எட்டு வருஷத்தில் வோஃபாவை இரண்டே தடவை ஜெயித்தேன். அதில் ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல்.

பேச்சுக்கு வருவோம். கால்பந்து தெரியாமல் போகாதீர்கள். இங்கிலாந்து லீகில் ஒரு அணியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். செல்சி வேண்டுமென்றால் மைக்கேல் எசியன் பெயரைச் சொல்லலாம், 2005-ல் அங்கே போன கானா வீரர். உள்ளூர் அணிகளில் அக்ராவின் ஹார்ட்ஸ் ஆஃப் ஓக், குமாசியின் கொட்டோகோ இரண்டில் எதன் பக்கமும் சாயாமல் முதல் ஆறு மாதம் ஓட்டுங்கள். மே 9 அன்று இதைப் பற்றி வேடிக்கையே வேண்டாம். 2001-ல் அதே நாளில் இந்த இரண்டு அணிகளும் மோதிய ஆட்டத்தின் கடைசியில் கலவரமாகி, போலீஸ் கண்ணீர்ப்புகை வீச, அக்ரா மைதானத்தில் 120-க்கும் மேற்பட்டவர்கள் நெரிசலில் இறந்தார்கள். எங்கள் தையற்காரர் அன்று அங்கே இருந்தவர். அந்த நாளில் அவர் பெஞ்சுக்கு வருவார், பேசமாட்டார்.

உருகுவே என்ற பெயரைச் சொன்னால் மாஸ்டர் மெஷினை நிறுத்திவிடுவார், அதனால் நெற்றிக் கோடு போடும்போது சொல்லாதீர்கள். 2010 உலகக்கோப்பைக் கால் இறுதி, ஜொகானஸ்பர்க். கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் கோலுக்குள் போகவிருந்த கானாவின் பந்தை உருகுவே வீரர் சுவாரஸ் கையால் தடுத்தார். பெனால்டியை கானாவின் அசமோவா ஜியான் அடித்தார், பந்து மேல்கம்பியில் பட்டுப் போனது. ஜெயித்திருந்தால் அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க நாடு கானா. 2022 டிசம்பர் 2-ல் அதே உருகுவேயிடம் 0-2 என்று தோற்று கானா வெளியேறியபோது நான் பெஞ்சில்தான் இருந்தேன். துக்கம் விசாரிக்கும் முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். பார்த்தால் எல்லோரும் டிவியை ஒட்டி நின்று கத்துகிறார்கள்: உருகுவேக்கு இன்னும் ஒரு கோல் வேண்டியிருந்தது, கிடைக்கவில்லை, அவர்களும் வெளியே. சுவாரஸ் பெஞ்சில் உட்கார்ந்து அழுவதைக் காட்டினார்கள். மாஸ்டர் அன்று இரண்டு பேருக்கு இலவசமாக வெட்டினார்.

அரசியலில் காதை மட்டும் திறந்து வையுங்கள். யானைச் சின்னம் என்.பி.பி., குடைச் சின்னம் என்.டி.சி. 1992 முதல் நான்கு வருஷத்துக்கு ஒரு தேர்தல், ஆட்சி இரண்டு கட்சிக்கும் மாறி மாறிப் போயிருக்கிறது. காலையில் ட்வி மொழி ரேடியோவில் அரசியல் சண்டை ஓடும், அதன் மிச்சம் சலூனில் சாயங்காலம் வரை. 2016 தேர்தல் சமயம் "குவாக்கு, உனக்கு யார் வர வேண்டும்?" என்றார்கள். நான் சாமர்த்தியமாக, "எனக்கு ஓட்டு இல்லை, கரண்ட் வந்தால் போதும்" என்றேன். நடுநிலை என்று நினைப்பு. பாதிப் பெஞ்சு கைதட்டியது, மீதிப் பாதி முறைத்தது. டும்சோ அப்போது குடை ஆட்சியின் மேல் யானைக்காரர்கள் வைத்த முதல் குற்றச்சாட்டு. அதற்கப்புறம் யார் கேட்டாலும் "வோஃபா சொல்வதுதான்" என்பேன். வோஃபா ஒருபோதும் சொல்லமாட்டார்.

நன்றாக இருந்த சண்டை 2021-ல் வந்தது. அச்சிமோட்டா என்கிற அரசுப் பள்ளியில், சடை வளர்ப்பதை மத வழக்கமாகக் கொண்ட ராஸ்தாஃபரி மாணவர்கள் இருவரைச் சடைமுடியை வெட்டினால்தான் சேர்ப்போம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே அரசுப் பள்ளிகளில் ஆண், பெண் எல்லோருக்கும் ஒட்ட வெட்டிய தலைதான். வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், மே 31 அன்று அவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லித் தீர்ப்பானது. ரிட்டயரான வாத்தியார் விதி விதிதான் என்றார். டிரைவர், முடியா படிக்கிறது என்றார். பள்ளித் தலைகளால் பிழைக்கும் மாஸ்டர் பையன்கள் பக்கம் பேசினார், அதுதான் எனக்கு ஆச்சரியம். மூன்று வாரம் ஓடியது.

காசு. அங்கே நாணயத்துக்கு சிடி என்று பெயர். 2007-ல் பழைய 10,000 சிடியை ஒரு புதிய சிடியாக்கினார்கள். பெரியவர்கள் வாயில் பழைய கணக்கு இன்னும் போகவில்லை. முதல் தடவை மாஸ்டர் "ஃபிஃப்டி தவுசண்ட்" என்றபோது எனக்கு மூச்சு நின்றது. ஐந்து சிடியைத்தான் சொல்லியிருக்கிறார். நான் கிளம்பும்போது அதே வெட்டு 20 சிடி. 2022 கடைசியில் விலைவாசி உயர்வு 54 சதவீதத்தைத் தொட்டது, சலூன் மட்டும் எப்படித் தப்பும்? பேரம் பேசாதீர்கள். போனில் 'மோமோ' வழியாக அனுப்பினால் அனுப்பும் செலவையும் சேர்த்து அனுப்புங்கள். கையால் கொடுத்தால் வலது கை. பழகும் பையனுக்குத் தனியாக ஏதாவது வையுங்கள், அதற்கு 'டாஷ்' என்று பெயர். அவன் தொழில் கற்க மாஸ்டருக்குப் பணம் கட்டியிருக்கிறான், சம்பளம் கிடையாது. படித்து முடிக்கும் நாளில் ஜெபம் செய்து, தலையில் வெள்ளைப் பவுடரைக் கொட்டிக் கொண்டாடுவார்கள். கூப்பிட்டால் கட்டாயம் போங்கள், பழைய சட்டையில்.

முக்கியமானது இது: முடி வெட்டத் தேவையில்லாத நாளிலும் போங்கள். மாதம் ஒரு தடவை வருகிறவன் கஸ்டமர், அவ்வளவுதான். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் இருபது நிமிஷம் உட்காருங்கள். சாயங்காலம் சுசு வசூலிப்பவர் வருவார், நம் சீட்டுக்குத் தம்பி மாதிரி: தினம் ஒரு தொகை கொடுத்து அட்டையில் குறித்துக்கொள்வார்கள், மாதக் கடைசியில் ஒரு நாள் தொகையை அவர் கூலியாக எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார். அவரிடமிருந்து தெருவின் நிலவரமெல்லாம் தெரிந்துவிடும். என் வீட்டுக்கு நல்ல பிளம்பர், வாடகை முன்பணத்தில் தகராறு வந்தபோது கூட வந்து பேசிய ஆள், அம்மா தவறிய செய்தி வந்த இரவு விமான டிக்கெட்டுக்குக் குறைந்த பணம், எல்லாம் அந்த பெஞ்சிலிருந்து வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது டிரைவர் எண்ணிப் பார்க்கவில்லை. சிலந்தி கொடுத்தால் எண்ணித்தானே வாங்க வேண்டும் என்று நான்தான் எண்ண வைத்தேன்.

எப்போது போவது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேண்டாம். சனிக்கிழமை சவ அடக்கங்களுக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்திப் போகிறவர்கள் எல்லோரும் அன்றுதான் தலையைச் சீர்செய்வார்கள். பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமையும் வேண்டாம், அம்மாமார்கள் நாலு நாலு பிள்ளைகளோடு நிற்பார்கள். ஞாயிறு பெரும்பாலும் பூட்டு. செவ்வாய் மத்தியானம் மூன்று மணி சரியான நேரம். நாற்காலி காலியாக இருக்கும், டாமி பலகை பெஞ்சின் நடுவில் இருக்கும். வோஃபா தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பாதீர்கள், காய்களை மட்டும் அடுக்கி வையுங்கள்.